கழற்றி வைத்த நேரம்

நாங்கள் வந்து குடியேறிய மிச்சம் என்ற ஊரில், ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டு மேல்மாடியில் துசியந்தி குடியிருக்கிறாள். நான் காசாளராக நிற்கும் கடைக்கு ரோல்ஸ் பலகாரம் செய்து தருகிறவளும் அவள்தான். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னைப்போல வாய்க்காரி ஒருத்தி கீழ்மாடியில் இருக்கிறேன்.

அவள் மகள் தக்ஷிகாவுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது. போன மாசியில் இரண்டு காதுகளுக்குள்ளும் கருவி வைத்து ஒபரேசன் செய்தார்கள். தலையில் கட்டோடு வந்த பிள்ளை மூன்றாம் நாளே படியேறி இறங்கித் திரிந்தது. காயம் ஆறிய பிறகு, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகளைத் தந்து இயக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காந்த வட்டு. அது தலைத்தோலில் ஒட்டியிருந்தால் கேட்கும், எடுத்தால் கேட்காது. விழித்திருக்கும் நேரமெல்லாம் போடுங்கள், இந்த வயதில் கேட்காமல் போனால் பேச்சு வருவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தகப்பன் யோகேஸ்வரனுக்குப் பகல் ஷிப்ட் என்பதால் துணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் போனவள் நான்.

நான்கு மாதமாகியும் பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை. ஆடியில் பரிசோதனைக்குப் போனபோது, கருவியைச் சரிபார்க்கும் பெண் அதைக் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். எப்போது போட்டிருந்தோம், எப்போது எடுத்தோம் என்று அந்தக் கருவியே பதிந்து வைக்குமாம். ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல் கழற்றியிருக்கிறார்கள் என்றாள். பிள்ளை பிடுங்கி எறிகிறாள் என்று நானே ஒரு பொய்யைச் சேர்த்து மொழிபெயர்த்துச் சமாளித்தேன். நடைபாதைக்கு வந்ததும் துசியந்தியை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"நான்தான் கழட்டிறனான், மெற்றில்டாக்கா," என்றாள். "பிளேன் சத்தம் வந்தா கை தானாப் போகுது."

அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னாள். வன்னியில் கடைசிச் சண்டை நேரம் அவளுக்குப் பதின்மூன்று வயது, நிசாந்தனுக்கு ஐந்து. குண்டு போடும் கிபிர் விமானம் வந்தால், பதுங்குகுழியான பங்கருக்குள் அவன் காதுகளைப் பொத்திப் பிடிப்பது அவள் வேலை. ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தாளாம். அந்த நேரம் பார்த்து வந்த சத்தத்தில் அவன் வெருண்டு வெளியே ஓடிவிட்டான். பிறகு அவன் உயிரோடு திரும்பவில்லை.

"அவனுக்குக் கேட்டபடியாத்தான் ஓடினவன். இவளுக்குக் காது கேளாது எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கு எனக்குச் சந்தோசமா இருந்தது, அக்கா."

 அதைக் கேட்டும் என் வாய் சும்மா இருக்குமா? செத்த பிள்ளையின் காதைப் பொத்துகிறேன் என்று உயிரோடு இருக்கிற பிள்ளையின் வாயை அடைக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் வந்தாள். சொன்னதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது ஆஸ்பத்திரிக் கூரையில் இறங்குவதற்கு ஒரு ஹெலிகொப்டர் வந்தது. சத்தம் நெருங்க நெருங்க துசியந்தியின் கை எழுந்தது. பிறகு அவளே அதைக் கீழே இறக்கி, தரிப்பிடத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தக்ஷிகா வானத்தைப் பார்க்கவில்லை, தாயின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கையாலேயே இரண்டு வட்டுகளையும் கழற்றினாள். அவற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு, தரிப்பிடத்தில் உட்காரும் வாங்குக்குக் கீழே போய்க் குந்தினாள். நாங்கள் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

துசியந்தி முழங்காலில் விழுந்து வாங்குக்குக் கீழே புகுந்தாள். சத்தம் தலைக்கு மேலே இடித்துக்கொண்டிருக்க, வட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினாள்.

"அது ஹெலிகொப்டர், குஞ்சு. ஆரையோ காப்பாத்தக் கொண்டு வருது."

பிள்ளைக்கு என்ன கேட்டதோ தெரியாது. வீரிட்டு அழுதது. துசியந்தி தன் இரு கைகளையும் மடிக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் ஓயும்வரை பிள்ளையை அழவிட்டாள். எங்கள் பஸ் வந்து நின்றது. நான் அதைப் போகச் சொல்லிக் கை காட்டினேன்.