யாரும் தின்னாத இறாலுக்கு அரிப்புத் தேடினேன்

இன்னும் கடைக்கே வராத சாப்பாடு யார் யாருக்குச் சேராது என்று இப்போதே கண்டுபிடித்து வைப்பதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள், கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்தவர்களுக்குத்தான் என் வலி தெரியும்.

எங்கள் ஆய்வகத்தில் இறாலின் செல்லை எடுத்துத் தொட்டியில் சதையாக வளர்க்கிறார்கள். இறால் சேராதவர்களின் ரத்தத்தோடு அதைக் கலந்து பார்த்தால், இதுவும் அவர்களுக்கு ஆகாதா என்று தெரிந்துவிடும். ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கும் வேலையை, சொந்த ஊர் அருப்புக்கோட்டை என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அலர்ஜி இல்லாத ஊர்

திருச்சுழியில் இரண்டு நாள் வெயிலில் அலைந்து, அலர்ஜி உண்டா என்று கேட்டேன். ஒருத்தருக்கும் இல்லை. ஊரே இவ்வளவு ஆரோக்கியமா என்று வாயைப் பிளந்துகொண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "ஒடம்பு தடிச்சு அரிச்சா இங்கன அதுக்குப் பேரு காணாக்கடி. அலர்ஜியெல்லாம் டவுனுக்காரவுகளுக்குத்தான் வரும் சார்."

அடையாளம்

நரிக்குடியில் காணாக்கடி என்றே கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் தொட்டி இறாலைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். தலை கிடையாது, ஓடு கிடையாது, கால் கிடையாது, சதை மட்டும்தான் என்றேன். ஆடு மேய்க்கும் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. முனைவர் பட்டத் தேர்வில்கூட என்னை யாரும் இப்படி மடக்கவில்லை. "அப்ப அது எறாதான்னு யாரு அடையாளம் காட்டுனது?"

ஒரு பேப்பரு

கடைசியில் எங்கள் அடுத்த தெருவிலேயே ஜமீலா அக்கா கிடைத்தார். வீட்டுக்காரர் துபாயில். இறால் தின்றால் அக்காவுக்கு உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். கல்யாணமாகிப் பதினோரு வருசமாகச் சொல்கிறார். மகனுக்குப் பிடித்த இறால் பிரியாணியை மருமகள் வேண்டாம் என்பது மாமியாருக்கு வீம்பாகவே பட்டது. போன பெருநாளில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஊசி போட்டதும் சரியானதால், வாயுத்தொல்லை என்று பேச்சை முடித்துவிட்டார்கள். இந்தப் பெருநாளுக்கும் வீட்டுக்காரர் வருகிறார், அதே பிரியாணிதான்.

ஒரு வாய்கூட வைக்காதீங்கக்கா, உயிருக்கே ஆபத்து என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த புத்தி போகுமா, தனி ஆளுக்குச் சோதனை முடிவைத் தர விதியில்லை என்று ரத்தம் எடுக்கும் படிவத்தையும் வாசித்தேன். அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "எனக்கு எறா சேராதுன்னு பேப்பரு தந்தா ரத்தம் எடுங்க தம்பி. நான் சொல்லி எடுபடல."

பெருநாளுக்கு நாலு நாள் முன்னால்

தலையாட்டிவிட்டேன். அதற்காக மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு ஒரு வாரத்துக்குப் போதும். கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கித் தாளோடு போனேன். கடல் இறால், தொட்டி இறால் இரண்டுமே அக்கா உடம்புக்கு ஆகாது என்று வாசித்தேன். கடலையே பார்க்காத இறாலுமா சேரவில்லை என்று மாமியார் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். இத்தனை வருசமாக நானே இவள் தட்டில் அள்ளி வைத்தேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே மகனுக்குப் போன் போட்டு, இந்தத் தடவை ஆட்டுக்கறிதான், இனி இந்த வீட்டுக்குள் இறால் வராது என்று சொல்லிவிட்டார்.

அக்கா வாசல்வரை வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "பதினோரு வருசமா நான் சொன்னேன், கேக்கல. பொறக்காத எறா சொன்னதும் கேட்டுட்டாக தம்பி."

ஆகவே, என்னோடு சேர்ந்து அல்லல்படுகிறவர்களே, ஒரு பெண்ணுக்கு ஒரு சாப்பாடு ஆகாது என்று வீட்டை நம்பவைக்க முதலில் அந்தச் சாப்பாட்டையே தொட்டியில் வளர்த்தாக வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சியின் முடிவு.