கேள்விக்குறிகளாய் வந்த வகுப்புப் பட்டியல்

இன்று காலை, கல்முனையில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகளுக்கான இணையத்தளத்தை ஏற்றினேன்.

தளத்தை ஏற்ற நான் எழுதிய சிறு நிரலை, அந்த ஸ்கிரிப்டை, கட்டளைத் திரையில் ஓட்டியதும் தளம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வகுப்புப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் கேள்விக்குறிகள்.

பட்டியலைத் தட்டச்சு செய்த வகுப்புத் தோழி பாயிசாவுக்குப் போன் எடுத்தேன்.

“என்ட கொம்பியூட்டர்ல எல்லாம் வடிவாத்தானே கா இருக்கு!” என்றாள்.

பிழை என்னுடையதுதான். எழுத்துகள் யுனிகோட் என்பதை என் ஸ்கிரிப்ட் சேர்வருக்குச் சொல்லவே இல்லை. யூடிஎஃப்-8 என்று ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். பெயர்கள் வந்தன.

மூன்றாவது பெயர் நஸ்ரின். கடைசி வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள். மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் கொப்பித் தாளில் சுற்றிக்கொண்டு வருவாள். சுனாமி அன்று கடல் அவளைக் கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது.

பெயருக்குப் பக்கத்தில் ‘வகுப்புத் தலைவி’ என்று இருந்தது.

“அவ ஒரு நாளும் மொனிட்டரா இருக்கல்லயே புள்ள?” என்று கேட்டேன்.

“ஓம் கா. ஒவ்வொரு வருசமும் கேட்டுத் தோத்தவ. நான்தான் போட்டன். அழிக்கவா?”

“வேணாம்” என்றேன்.

எங்கள் வகுப்பு ஆட்களே, மொனிட்டர் தெரிவில் நஸ்ரினுக்கு அன்று கை உயர்த்தாதவர்கள் எல்லாரும் கீழே பின்னூட்டத்தில் வந்து ஒப்புக்கொள்ளுங்கள். முதல் ஆள் நான்.