தாலிக்கு முன்னால் பந்தி

தங்கையின் கல்யாண ஆல்பத்தை வாங்க இன்று அத்தையோடு சுசீந்திரம் ஸ்டுடியோவுக்குப் போனேன். மாப்பிள்ளை நாளை துபாய் கிளம்புகிறார். ஸ்டுடியோ அண்ணனோ இரண்டு கேமராவில் எடுத்த படங்களை இன்னும் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கண்ணே, ஒரே வரியில முடிக்கேன்."

கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை, அதாவது கமாண்ட் லைனை, திறந்ததும் அண்ணன் பதறினார். "அதக் கண்டாலே எனக்குப் பயமாக்கும். எல்லாம் அழிஞ்சி போவுமா?"

முதலில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு, எடுத்த நேரப்படி எண் போடச் சொல்லி ஒரு கட்டளை அடித்தேன். மூவாயிரம் படங்களும் கண் இமைப்பதற்குள் வரிசையில் நின்றன.

கெத்தாகத் திரும்பினால், அத்தை கத்துகிறார்.

"பாத்தியா மக்கா! தாலி கெட்டுறதுக்கு முன்னாலயே மாப்பிள்ள வீட்டுக்காரங்க பந்தியில உக்காந்தாச்சுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா!"

திரையிலும் அப்படித்தான் இருந்தது. பாயசம் முடிந்த பிறகுதான் தாலி.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "பந்திய எடுத்த ரெண்டாவது கேமரா, என் மச்சான் துபாயிலருந்து கொண்டு வந்ததாக்கும். அதுல மணி மாத்தல்ல."

அதை முதலிலேயே கேட்காதது என் தப்பு. துபாய் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இன்னொரு வரி அடித்து அந்தப் படங்களுக்கு அதைக் கூட்டினேன். தாலி முதலில் வந்தது, பந்தி பிறகு. கமாண்ட் லைனை எல்லாரும் படிக்க வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஆனால் அதற்குள் அத்தை பழைய வரிசையை செல்போனில் படம் பிடித்து, "ஆதாரம்" என்று குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் அதில்தான் இருக்கிறார்கள். அழிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

அத்தைக்கு ஏதாவது கட்டளை தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லவும்.