நிறம் மாறிய கிணறு

சாயக்கழிவை வானவில் என்று நம்பி ஒரு நாவலே எழுதிய மடையன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அந்த நாவலின் வெளியீட்டு மண்டபத்தில் கழிவறைப் பக்கமிருந்து வந்த பிளீச்சிங் பவுடர் வாடை, என்னைச் சித்தியின் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது.

எண்பதுகளில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வாய்க்காலில் விட்ட, சாயமும் பிளீச்சிங்கும் கலந்த தண்ணீர் சித்தியின் கிணற்றுக்குள் மெல்ல ஊறிவர, பள்ளி விடுமுறைக்குப் போன நான், மோட்டார் இன்று சிவப்பாக இறைக்குமா ஊதாவாக இறைக்குமா என்று எனக்கு நானே பந்தயம் கட்டி, நுரையை அள்ளி மீசை வைத்துக்கொண்டு, அந்த வாடையையே விடுமுறையின் வாசமென்று நினைத்துத் திரிந்தேன். தென்னை மட்டைகள் கருகித் தொங்கியதும், கிணற்று மேட்டில் சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததும் என் கண்ணில் படவே இல்லை. இன்று கிணறும் இல்லை. அதன் மேல் பனியன் கம்பெனியின் குடோன் நிற்கிறது.

அந்த நிறங்கள்தான் என்னை எழுதவைத்தன என்று மேடையில் தழுதழுத்து, கைத்தட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கினேன். முன்வரிசையில் இருந்த சித்தி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும் என்றிருந்தது.

“ஏனுங்க சித்தி, நம்ம கெணத்தப் பத்தி எழுதுனதப் படிச்சீங்களா, எப்படிங்க?” என்று இளித்தேன்.

“நீ குடிச்ச தண்ணிய நான் எங்கிருந்து சொமந்துட்டு வந்தேன்னு எழுதலயே, கண்ணு.”