லயத்துக்குள் வந்த அண்டங்காக்கை

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் என்னைக் "காக்காக்காரி" என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருப்பார்கள். சொல்லட்டும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து அறையில் நான் அண்டங்காக்கை வளர்த்தேன். முயலின் கழுத்தை ஒரே கடியில் முறிக்கிற நாய் இருந்த வீட்டில்தான் வளர்த்தேன். யாருக்கும் ஒளிக்கவில்லை. அது எப்படி நடந்தது என்று ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். நாயின் வாயை மந்திரம் போட்டுக் கட்டினேன் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

சீமையில் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தி அது. எனக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நானும் கணவரும் மாமியாரும் லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். அறைக்கு முன்னால் கூரை இறக்கிய சின்ன இஸ்தோப்பு. அதில் ஒரு மூலையில் விறகு, மறு மூலையில் நாய்.

நாய் என் கணவருடையது. செவலை நிறம், நெஞ்சில் வெள்ளை. இடது காது பாதிதான் இருக்கும். மீதியைக் காட்டுப்பன்றி கிழித்துப் போட்டிருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் கழிக்கிறவர்களில் என் கணவர் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்திருந்தார். ஆனால் அந்தப் பேரைவிட, "நல்ல வேட்டை நாய்க்குச் சொந்தக்காரன்" என்று யாராவது சொன்னால்தான் அவர் முகம் மலரும்.

வைகாசி மாதம். தேயிலைக்கு நடுவே நின்ற நிழல் மரங்களின் கிளைகளை ஆண்கள் கழித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பத்தடி தள்ளி ஒரு கிளை கூட்டோடு வந்து விழுந்தது. கூட்டில் இரண்டு குஞ்சுகள். ஒன்று விழுந்த வேகத்திலேயே செத்துவிட்டது. மற்றது ஒரு சிறகு தொங்க, தேயிலைத் தூருக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. தாயும் தகப்பனும் எங்கள் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தின.

எங்கள் கங்காணி கையில் தடியோடு வந்தார்.

"அண்டங்காக்கா குஞ்சு. தூக்கிக் கான்ல போட்டுட்டு வேலையைப் பாரு புள்ள" என்றார்.

மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானை நோக்கி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போடத்தான் போனேன். குனிந்தபோது அது என் பெருவிரலை ரத்தம் வரக் கொத்தியது. சிறகு ஒடிந்து, பிறந்த இடம் போய், கூடப் பிறந்ததும் செத்துவிட்டது. அதற்கப்புறமும் இப்படி ஒரு கொத்து. எனக்கு அது பிடித்துப் போயிற்று. தலையில் போட்டிருந்த கம்பளியின் மடிப்புக்குள் அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு என் தேயிலை நிரைக்குத் திரும்பினேன். கங்காணி பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் கம்பளியைப் பிரித்ததும் மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"அடியே, இது அண்டங்காக்காயில்ல? இது தலைமேல பறந்தாலே ஆகாதும்பாக. நீ வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கே!"

"சிறகு ஒடிஞ்சு கெடக்கு அத்தே. பறக்கவே முடியாது. எங்கிட்டு தலைமேல பறக்கும்?"

என் கணவர் சிரித்தார். நாய் அதற்குள் எழுந்து, முடி சிலிர்க்க, மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"எதுக்கு ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க? நாளைக்குச் சாயங்காலம் நாயி வயித்துல இருக்கும் அது. இந்த நாயும் காக்காயும் ஒரு கூரைக்குக் கீழ இருந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. எந்த அறையில் இருப்பது, எந்த மலையில் பறிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது என்று அதுவரை என் விஷயத்தில் எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்திருந்தார்கள். இந்த ஒன்றை நான் முடிவு செய்வது என்று அந்த வாசலிலேயே தீர்மானித்துவிட்டேன்.

"இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க" என்றேன்.

சிறகை மடக்கி, பழைய சேலைக் கிழிசலால் உடம்போடு சேர்த்துக் கட்டினேன். அறையின் கோடியில் கூடையைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்து, உள்ளே குஞ்சை விட்டேன். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் தின்றது. கானில் பொறுக்கிய புழுவைக் கொடுத்தால் என் விரலையும் சேர்த்துத் தின்னப் பார்த்தது.

நாயைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வேட்டைக்கு அதற்கு எசமான் என் கணவர்; வயிற்றுக்கு எசமான் நான். அதை வைத்துத் தொடங்கினேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் நாயை இஸ்தோப்புத் தூணில் கட்டுவேன். கதவைத் திறந்து வைத்து, நாய்க்கும் கூடைக்கும் நடுவில் சோற்றுச் சட்டியோடு உட்காருவேன். கூடையை முறைத்துக்கொண்டு நின்றால் சோறு கிடையாது. கண்ணை எடுத்து என்னைப் பார்த்தால் ஓர் உருண்டை. முதல் நாள் அது கயிற்றை இழுத்து இழுத்துத் தன் கழுத்தையே நெரித்துக்கொண்டது. ஒரே ஓர் உருண்டைதான் கிடைத்தது. இரண்டாம் நாள் மூன்று. நாலாம் நாள் கூடைக்குள்ளிருந்து காக்கை கத்தினால்கூட நாய் என் கையைத்தான் பார்த்தது.

காக்கையின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து நாயின் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நார் நாராகக் கிழித்தது. மறுநாள் வேறு துணி போட்டேன். அதையும் கிழித்தது. மூன்றாவது துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, சலித்துப்போனது போல அதன் மேலேயே படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கூடையை நாளுக்கு ஒரு முழம் வாசல் பக்கம் நகர்த்தினேன். "வேற வேலை இல்லை இவளுக்கு" என்று பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காது கேட்கவே நான் காக்கையோடு பேசுவேன்.

பகலில் நான் மலைக்குப் போய்விடுவேன். அறைக் கதவைச் சாத்தி, நாயை வெளியே கட்டிவிட்டுத்தான் போவேன். மாமியாருக்கு முட்டுவலி, அவர் வேலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. தூணில் கயிறு மட்டும் தொங்குகிறது. கூடை உருண்டு கிடக்கிறது. தரையில் ரத்தச் சொட்டு.

உள்ளே போய்ப் பார்த்தேன். காக்கை பானை அடுக்கில் தாவித் தாவி ஏறி, அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் இருந்தது. வால் இறகு இரண்டைக் காணோம். மற்றபடி முழுசாக இருந்தது. நாய் லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. ரத்தம் அதன் மூக்கிலிருந்து சொட்டியதுதான்.

"நாந்தான் அவுத்து விட்டேன்" என்றார் மாமியார், நான் கேட்பதற்கு முன்பே. "இன்னைக்குச் சாகுமா நாளைக்குச் சாகுமான்னு எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறது? ஒரேயடியா முடியட்டும்னு அவுத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

"சரி அத்தே. நான் இப்பவும் மலைக்குப் போகல, நாளைக்கும் போகல. இது ரெண்டும் கயிறு இல்லாம, கூடை இல்லாம ஒண்ணா இருக்கப் பழகுற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

"பெரட்டுக்குப் போகாட்டி கங்காணி வருவாரு."

"வரட்டும்."

மறுநாள் விடிந்ததும் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். நான் இஸ்தோப்பில், ஒரு பக்கம் நாயையும் மறுபக்கம் கூடையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் கங்காணி வந்தார்.

"ஏன் வேலைக்கு வரல? காச்சலா?"

"காச்சல் இல்லீங்க. காக்காய்க்குக் காவல் இருக்கேன்."

அவர் முதலில் சிரித்தார். பிறகுதான் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்கு விளங்கியது.

"அன்னைக்கே கான்ல போடச் சொன்னேன். நான் சொன்னா அது உனக்குச் சொல்லாத் தெரியலையா?" தடியை ஓங்கிக்கொண்டு கூடையை நோக்கி வந்தார். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"அடிக்கிறதா இருந்தா மொதல்ல என்னைய அடிங்க."

"தொரைகிட்டச் சொல்லி லயத்தை விட்டே கெளப்பிருவேன், பாத்துக்க!"

"சொல்லுங்க. நானும் கூட வர்றேன், காக்காயையும் தூக்கிக்கிட்டு வர்றேன். வேலைக்கு வராத நாளுக்குப் பேரு போடாதீங்க, அது நியாயம். காக்கா வளத்ததுக்கு அடின்னு யாரு சொன்னாங்கன்னு தொரைகிட்டயே கேப்போம்."

ஓங்கிய தடி இறங்கவில்லை. அடி எங்கே விழுமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பின்னாலிருந்து மாமியார் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"கங்காணியாரே, தடியக் கீழ போடுங்க. அந்தக் காக்காய எனக்கும் புடிக்கல. அது எங்க வீட்டுச் சண்டை. எங்க வீட்டு வாசல்ல நின்னு எம் மருமக மேல கை ஓங்க நீங்க யாரு?"

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. கங்காணியும் எதிர்பார்க்கவில்லை. என்னென்னவோ திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். மாமியார் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அது கழிஞ்சு வச்சிருக்கு, கழுவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் நாயின் கயிற்றை அவிழ்த்தேன். கூடையைத் தூக்கினேன். நாயின் முதுகில் என் கையை வைத்துக்கொண்டு, அதன் சட்டியில் சோற்றைப் போட்டேன். நாய் தின்னத் தொடங்கியது. காக்கை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, நாய்க்கு எதிரே நின்று, அதே சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்தது. நாய் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. என் கைக்குக் கீழே அதன் உடம்பு முறுக்கேறுவது தெரிந்தது. "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். கையை அழுத்தவில்லை. அழுத்தினால் அது என் பலம். நானில்லாத நேரத்தில் அது உதவாது.

காக்கை இன்னொரு வாய் எடுத்தது. பிறகு நிதானமாகப் பின்பக்கம் சுற்றிப் போய், நாயின் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தது. நாய் துள்ளித் திரும்பி, காக்கையைப் பார்த்து, காயம் ஆறாத தன் மூக்கை ஒருதரம் நக்கிக்கொண்டது. அப்புறம் சட்டியையும் விட்டுவிட்டு இஸ்தோப்பின் மறு கோடியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி ஓடி வந்தாள்.

நாலாம் நாள் காலையில் பெரட்டுக்குப் போனேன். கங்காணி என்னைக் கல்லுமலைக்கு அனுப்பினார். தோட்டத்திலேயே செங்குத்தான இடம். அட்டைக் கடி தாங்காது. ஒரு மாதம் அங்கேயே விட்டார். ஒரு நாளும் வேறு இடம் கேட்கவில்லை. சாயங்காலம் காலில் ரத்தத்தோடு இறங்கி வந்தால் நாயும் காக்கையும் ஒரே சாக்கில் கிடக்கும்.

நாயின் காதில் உண்ணி அதிகம். அதைக் காக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்னத் தொடங்கியபோது நாயே தலையைச் சாய்த்துக் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் மாமியார், "உண்ணி பொறுக்குற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். என் கணவர் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை.

"மீசை?" என்றேன்.

"அட, வேடிக்கைக்குச் சொன்னதுடீ."

"நான் வேடிக்கைக்குச் செய்யல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாவிதரிடம் போய் மழித்துக்கொண்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். மாமியார் அன்றைக்குச் சிரித்ததுபோல் நான் பார்த்ததே இல்லை.

பேச்சு மட்டும் ஓயவில்லை. மழைக்காலத்தில் லயத்தில் காய்ச்சல் பரவியது. காக்கையால்தான் வந்தது என்று குழாயடியில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "கங்காணியார் வீட்டுலயும் மூணு பேரு படுத்திருக்காங்க. அங்க எந்தக் காக்கா போச்சு?" என்று கேட்டேன். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சிறகு கோணலாகத்தான் கூடியது. காக்கையால் கூரை உயரத்துக்கு மேல் பறக்க முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் கணவருக்குப் பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வேலை அமைந்தது. மூட்டை முடிச்சோடு பதுளைக்கு இறங்கினோம். நாய் முன்னால் போனது. காக்கை என் தலைச்சுமையின் மேல் உட்கார்ந்து வந்தது. "டவுனுக்குள்ள போறப்பவாவது கம்பளியப் போட்டு மூடு" என்றார் கணவர். மூடவில்லை. கடைத்தெருவில் சனம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. துணிக்கடை வாசலில் நின்ற முஸ்லிம் முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தங்கச்சி, தலையில அது காக்காவா?"

"ஆமாங்க முதலாளி, அண்டங்காக்கா."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எங்கட ஊட்டுல காக்காண்டு அண்ணனத்தான் கூப்பிடுற. நீங்க அண்ணனத் தலையில தூக்கிட்டுப் போறீங்களா?"

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. "ஆமாங்க, அப்படித்தான் வச்சுக்கங்க" என்றேன். கடைத்தெருவே சிரித்தது. காக்கை பயந்து கத்தியது. நாய் திரும்பி வந்து என் காலோடு ஒட்டி நின்று கூட்டத்தைப் பார்த்து உறுமியது. நான் சுமையைச் சரிசெய்துகொண்டு, தலை குனியாமல், பசறை ரோட்டில் ஏறினேன். மாமியார் பின்னால் நொண்டிக்கொண்டே வந்து, "மெதுவாப் போடி, அது விழுந்துறப் போகுது" என்றார்.