எட்டாவது குழாயும் வாத்தியாரின் எலுமிச்சையும்

பத்தொன்பது ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்து வாங்கிய கொதிகலன் இயக்குநர் சான்றிதழ். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்து நிலவறையின் சாவி. யாரையும் அண்டவிடாத முதல் மாடிப் பூனையின் நட்பு. என் தங்கை குல்பெரி நாற்பது வயதுக்குள் வென்றவை இவை. இவற்றில் கடைசியாக வழிக்கு வந்தது பூனைதான்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே சுவரோரம் போய், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் அப்படித்தான். முதலில் ரேடியேட்டர், அப்புறம்தான் விதவையின் கை. "உள்ளங்கை பொய் சொல்லும்ணே, பொறங்கை சொல்லாது" என்பாள். சென்ற ஆண்டு ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் காப்பிக்குக் காத்திருக்க, இவள் சோபாவுக்குப் பின்னால் மண்டியிட்டு, கையோடு கொண்டுபோன திருகியால் ரேடியேட்டரின் காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, டீக் கிளாசை அடியில் பிடித்துக்கொண்டு காற்றை இறக்கினாள். அது உஸ்ஸென்று சீறி, துப்பி, ஒழுங்காகச் சொட்டத் தொடங்கியதும் கண்ணைத் திறந்து, "ஏப்பம் விட்டுருச்சு. இனிமே பேசுங்க" என்றாள்.

எங்கள் குளிர்மலை நகரமான எர்சுரும்காரர்கள் எல்லோரையும் போல அவளும் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டுதான் டீ குடிப்பாள். கட்டி கரைவதற்குள் யாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிவிடுவாள். "கீழ கொதிகலன் தண்ணியச் சூடாக்குது. பம்பு அத மாடிக்குத் தள்ளுது. அது ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்குள்ளயும் போய்ச் சூட்டக் குடுத்துட்டு, இன்னொரு குழாய்ல ஆறிப்போய்த் திரும்பி வருது. அவ்ளோதான். ஆனா தண்ணி சோம்பேறிண்ணே. கிட்ட வழி கெடச்சா மேல ஏறவே ஏறாது. அதக் கட்டி மேய்க்கணும்." குளிக்கிற தண்ணீர் பற்றிக் கேட்டால், "அது தனிக் குடித்தனம். பெரிய தொட்டிக்குள்ள ஒரு செப்புச் சுருள் போகுது. ரெண்டு தண்ணியும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்கறதே இல்ல. சூட்ட மட்டும் கை மாத்திக்கும்" என்பாள்.

நிலவறையில் ஒரு பதிவேடு தொங்கும். போகும் சூடு, திரும்பும் சூடு, அழுத்தம், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். பதினான்கு மாதங்களாக முதல் மூன்றையும் நிரப்பியவள் குல்பெரி. நான்காவதில் கையெழுத்துப் போட்டவர் மூன்றாம் மாடி ஹைரெத்தின் வாத்தியார், கட்டடத்தின் நிர்வாகி. முழங்கால் வலியால் அவர் நிலவறைக்கு இறங்கியதே இல்லை. பதிவேடுதான் மாடி ஏறிப் போய்வரும். "நம்பர நீ எழுதும்மா, கையெழுத்த நான் போடறேன். ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா பதில் சொல்ல ஒரு ஆம்பள வேணுமில்ல?" என்பார். குல்பெரி தலையாட்டிவிட்டு வருவாள். அவள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படியும்போதெல்லாம் விரலால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஜனவரியில் ஐந்தாம் மாடி மக்பூலே அக்காவின் ரேடியேட்டர்கள் குளிர்ந்துபோயின. வெளியே மைனஸ் இருபத்தாறு. குழாயில் மட்டும் வெந்நீர் வந்ததால், ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியரான அவர் குடித்தனத்தையே குளியலறைக்கு மாற்றிவிட்டார். தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து, அதைச் சுற்றி முக்காலிகள் போட்டு, துவைக்கும் இயந்திரத்தின்மேல் டீத்தட்டு வைத்து விருந்தாளிகளை வரவேற்றார். வந்தவர்கள் ஆவியில் தலை நனைந்து திரும்பினார்கள்.

"வாத்தியாரே, நேத்து என் நாத்தனார் வந்தா. முடி அலங்காரமெல்லாம் கலைஞ்சு, முங்கி எந்திரிச்ச கோழி மாதிரி போனா. எனக்கு சந்தோஷந்தான். ஆனா நானும் அங்கயே தூங்க முடியுமா?" என்று, பதிவேட்டோடு வந்திருந்த குல்பெரியின் முன்னாலேயே மூன்றாம் மாடியில் போய் முறையிட்டார் அக்கா.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. அதுக்குள்ள சூடு வரலேன்னா சாவிய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவோம். கோவிச்சுக்காத குல்பெரி."

அது செவ்வாய்க்கிழமை. குல்பெரி கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாடியில் காற்று இறக்கிப் பார்த்தாள். காற்றே இல்லை, தண்ணீர் சும்மா நின்றது. நிலவறைக்கு இறங்கி, திருப்புளியின் முனையைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். பம்பு நன்றாகத்தான் பாடியது. பிறகு திரும்பி வரும் எட்டுக் குழாய்களையும் புறங்கையால் தொட்டாள். ஏழு குழாய்கள் டீக் கிளாஸ் போலச் சுட்டன. எட்டாவது தவளை வயிறு.

அந்தக் குழாய் போகும் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டாம் மாடியில் என் வீடும் அதில்தான். என் ரேடியேட்டரின்மேல் மாவு புளிக்க வைத்திருந்ததற்காக அரைமணி நேரம் திட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன்.

வாத்தியார் டீ கொடுத்தார். பிறகு வழக்கம்போல எங்களைக் கண்ணாடி அடைத்த பால்கனிப் பக்கம் கூட்டிப்போனார். தகர டின்னில் எலுமிச்சை மரம். அதில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம், பாதி மஞ்சள். கட்டடமே வந்து பார்த்துப் பாராட்டிய பழம்.

"எர்சுரும்ல, இந்தக் குளிர்ல. பேச்சு குடுத்தா போதும், மரம் காய்க்கும்" என்றார்.

குல்பெரி பழத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள். தெருவில் எல்லாப் பால்கனிக் கண்ணாடிகளிலும் பனி பூப்பூவாக உறைந்திருக்க, இங்கே மட்டும் தண்ணீர் வழிந்தது. மெல்லக் குனிந்து டின்னுக்குப் பின்னால் இருந்த பூப்போட்ட துணியை விலக்கினாள். பன்னிரண்டு மடிப்புள்ள பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒன்று, எட்டாவது குழாயிலிருந்து புதிதாக இழுத்த கிளையோடு, அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"மரத்துக்குக் கொஞ்சம் கதகதப்பு..." என்றார் வாத்தியார், தரையைப் பார்த்து.

"பேச்சு குடுத்ததாலதான் காய்ச்சுதுன்னீங்க?"

"பேச்சும் குடுத்தேன்."

"வாத்தியாரே, இது மக்பூலே அக்கா சூட்டத் தின்னுட்டுக் காய்ச்சிருக்கு. தண்ணிக்குக் கிட்டத்துல வழி வெச்சுட்டீங்க, அது ஏன் அஞ்சாவது மாடிக்குப் போகுது?"

"மூடிட்டா மரம் ஒரே நாள்ல செத்துரும்மா. பழுக்கற வரைக்குமாவது பொறு. பத்து நாள்."

பத்து நாளில் சாவி போயிருக்கும். குல்பெரி திருகியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திருகியைச் செருகி வால்வை இறுக்கி மூடினாள். "தண்ணிய வடிச்சுட்டு நாளைக்கே கழட்டிருவேன், இல்லேன்னா உறைஞ்சு வெடிக்கும்" என்றாள். என்னைப் பார்த்து, "அண்ணே, டின்னத் தூக்கு. அஞ்சாவது மாடி" என்றாள்.

தூக்கினேன். இரண்டு மாடி. புருவத்தில் முள் குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. மக்பூலே அக்கா கதவைத் திறந்து, "எனக்கே சூடில்ல, இதுக்கு எங்க போறது? குளியலறையில வை. நாத்தனார் உக்கார்ற எடம்" என்றார்.

சனிக்கிழமை பால்கனி ரேடியேட்டரைக் கழற்றியதில் குழாய்க்குள் காற்று புகுந்தது. மதியம் அக்காவின் ரேடியேட்டர்கள் பூனைபோல் உறுமின, குல்பெரி மூன்று முறை ஏப்பம் விட வைத்தாள், சுடத் தொடங்கின. மரம் கூடத்து ஜன்னலோரம் குடிவந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அக்கா தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். வாத்தியாரும் பதிவேட்டோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தார். கால்மணி நேரத்தில் எல்லோரும் கம்பளிச்சட்டையைக் கழற்றினார்கள்.

"இது வாத்தியாரோட மரமாச்சே, இங்க எப்படி?" என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா வாயைத் திறந்தார். குல்பெரி முந்திக்கொண்டாள். "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

வாத்தியாரின் காதுகள் சிவந்தன. அந்த ஒற்றைப் பழத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கொதிகலனுக்குப் பொறுப்பாளர் இனிமே குல்பெரி. மறுப்பு இருக்கறவங்க கை தூக்கலாம்" என்றார். யாரும் தூக்கவில்லை. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைத் தானே கழற்றி நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. எழுந்து ரேடியேட்டரிடம் போய், மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை புறங்கையால் தொட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலையில் நிலவறையில் பார்த்த எண்களை முதலில் எழுதினாள்: போகும் சூடு எழுபது, திரும்பும் சூடு ஐம்பத்தைந்து, அழுத்தம் இரண்டு. நான்காவது கட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாக, கட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் வழிய, தன் பெயரை எழுதினாள். 2015 ஜனவரி 18.