பழைய மணிக்காரன் ஹம்மு

எங்கள் மலையூர் தஃப்ராவுத்தின் சந்தையில் இறைச்சிக்கடைக்கு மேல்மாடியில் புகைப்படக்கடை வைத்திருக்கும் ஹம்மு என் அக்கா மகன். அக்கா இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அவனைத் திட்டும் பொறுப்பு அன்று என்னிடம் வந்தது. குறை வைக்காமல் செய்து வருகிறேன்.

நாற்பத்தொரு வயது. ஆள் பார்க்க லட்சணம், கை சுத்தம், யாரிடமும் வம்பு கிடையாது. தலைக்குள் ஒரே ஒரு பூச்சிதான்: நேரம். அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளி, இனி வருடம் முழுக்க இப்படித்தான் என்று அறிவித்த நாளிலிருந்து ஹம்மு அரசாங்கத்தோடு தனி ஆளாகப் போர் நடத்துகிறான். அரசாங்கத்துக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. மலையில் நாங்கள் எல்லோரும் பழைய மணிக்காரர்கள்தான், நானும்தான். புதிய மணி என்றதும் ரொட்டி அடுப்பு சீக்கிரமாகவா சூடேறுகிறது? ஆனால் பேருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் புதிய மணிப்படி கிளம்பிப் போய்விடுவோம். ஹம்மு போகமாட்டான். பேருந்து அவனை விட்டுவிட்டுப் போனால் "பஸ் முந்திப் போயிடுச்சு" என்பான். நோன்பு மாதத்தில் மட்டும் அரசாங்கம் ஒரு மணி பின்னுக்கு வந்து அவனோடு சேர்ந்துகொள்ளும். அந்த மாதம் அவன் நடையே வேறு. ஜெயித்த தளபதி போல் சந்தையைச் சுற்றி வருவான்.

அவனிடம் கம்ப்யூட்டர் இரண்டு. கடையில் ஒரு பெரியது, பயணத்துக்கு ஒரு லேப்டாப். எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேர் காசாபிளாங்காவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில்தான் ஊர் திரும்புவார்கள், ஆகஸ்டில்தான் எல்லாக் கல்யாணமும். ஹம்மு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குவான்.

"ரெண்டுலயும் ஒரே படம் ஒரே மாதிரி இருக்கணும் சித்தி," என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தான். "ஒண்ணுல திருத்தினா இன்னொண்ணும் தானா திருந்திடணும். அதுக்குன்னு ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். ஒயர சொருகினா போதும். எந்தப் படத்தைக் கடைசியாத் தொட்டிருக்கோமோ அதை வச்சுக்கும். பழசை அழிச்சிரும்."

"எது கடைசின்னு அதுக்கு எப்படிடா தெரியும்?"

"ஒவ்வொரு படத்து மேலயும் தொட்ட நேரம் பதிஞ்சிருக்கும்."

"எந்த நேரம்? உன் நேரமா, ஊர் நேரமா?"

"சித்தி, உனக்கு இதெல்லாம் புரியாது," என்று சொல்லிவிட்டு டீ கேட்டான். புரியாதவள் டீ போட்டுக் கொடுத்தேன்.

பெரிய கம்ப்யூட்டர் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியை அவன் அணைத்து வைத்திருந்தான். கையாலேயே ஒரு மணி பின்னுக்குத் திருப்பி, பழைய மணியில் நிறுத்தியிருந்தான். அது அவன் கோட்டை. லேப்டாப்பிடம் அந்த வேலை பலிக்கவில்லை. எந்த ஊரில் போன் சிக்னல் கிடைத்தாலும் அது புதிய மணிக்கு ஓடிவிடும். ஆக, ஒரே ஆளின் இரண்டு பெட்டிகள், நடுவே ஒரு மணி நேர இடைவெளி. இவன்தான் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் நிபுணன்.

இப்போது கெல்தூமாவுக்கு வருகிறேன். பள்ளிக்கூட டீச்சர், முப்பத்துநாலு வயது, என் தோழி இஜ்ஜாவின் ஒரே மகள். போன வருடம் பள்ளியில் படம் பிடிக்கப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். ஹம்மு பத்து மணிக்குத்தான் போனான், அவனுடைய பத்து. அறுபது பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, ஒரு மணி நேரம் வெயிலில் நின்று காய்ந்திருந்தார்கள். எண்ணெய் காதுவரை வழிந்துவிட்டது.

"மணி என்ன தெரியுமா?" என்று கேட்டாளாம்.

"பத்து டீச்சர்."

"அப்போ இந்தப் பிள்ளைங்க வெயில்ல நின்னது எந்தக் கணக்கு?"

இவன் படத்தைப் பிடித்து முடித்தான். திரும்பி வந்து என்னிடம், "சித்தி, அந்தப் பொண்ணைக் கேட்டுப் பாரேன்," என்றான். இருபது வருடமாக நான் காட்டிய பெண்களையெல்லாம் வேண்டாம் என்றவன். திட்டினவள்தான் பிடித்திருக்கிறது. அப்படியானால் நானும் இத்தனை வருடம் சரியான வழியில்தான் போயிருக்கிறேன்.

இஜ்ஜாவிடம் போய்க் கேட்டேன். "பாக்கலாம் அக்கா," என்றாள். எங்கள் ஊரில் அதற்கு ஐந்து வருடம் என்று அர்த்தம்.

அவளுக்கு மனதில் வேறு கவலை. அவள் அம்மா சாகும்போது ஒரு ஜோடி வெள்ளி ஊசி விட்டுப் போனாள். போர்வையைத் தோளில் குத்திக்கொள்ளும் முக்கோண ஊசி, உள்ளங்கை அகலம், நடுவில் சங்கிலி. "முதல்ல கல்யாணமாகிற பேத்திக்கு" என்று கிழவி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பேத்திகள் இரண்டே பேர்: கெல்தூமா, இஜ்ஜாவின் அண்ணன் ஹாஜ் பெலைத்தின் மகள் ஜமிலா. ஜமிலாவுக்கு இருபத்திரண்டு வயதில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் பேசின அதே வாரம் இஜ்ஜாவின் வீட்டில் வெள்ளி ஊசி கிணற்றில் விழுந்துவிட்டது. அவ்வளவு கனமான ஊசி, இடுப்புயரச் சுவரைத் தாண்டிக் கிணற்றுக்குள் தானாகப் போனது. ஹாஜ் பெலைத் ஆள் இறக்கித் தேடினார். ஒரு வாளியும் யாரோ தொலைத்த செருப்பும் கிடைத்தன.

ஜமிலாவின் கல்யாணம் ஆகஸ்ட் கடைசியில் நடந்தது. ஊரே பெலைத்தின் களத்தில் கூடியது. எல்லா வீடும் காலி என்பதால் ஊசியை வீட்டில் வைத்துவிட்டுப் போக இஜ்ஜாவுக்கு மனம் வரவில்லை. போர்வைக்கு அடியில் குத்திக்கொண்டு வந்தாள். சாயங்காலம் தப்பட்டை அடித்ததும் பெண்கள் வரிசை கட்டி ஆட இறங்கினார்கள். இஜ்ஜாவும் இறங்கினாள். தோளோடு தோள் இடித்து ஆடினால் போர்வை நிற்குமா? ஆட்ட மயக்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஹம்முவின் கேமரா கவனித்தது. பதினொரு படங்களில் அவள் நெஞ்சில் வெள்ளி பளிச்சென்று சிரித்தது.

அவனே போய் அவளிடம் சொன்னான், முட்டாள். மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்து காட்டினானாம்.

"அத்தை, இது அந்தக் கிணத்துல விழுந்ததுதானே?"

இஜ்ஜா படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "தம்பி, உன் சித்தி கெல்தூமாவைக் கேட்டு வந்தாளே. நீ நல்ல பையன். இதை எல்லாப் படத்துலயும் அழிச்சிரு. ஆல்பம் அண்ணன் கையில சுத்தமாப் போய்ச் சேரட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பொண்ணு கேக்கச் சர்க்கரைக் கூம்போட உன் சித்தியை வரச் சொல்லு."

கிணற்றுக்குள் கிடக்கும் பொருளுக்காக மகளையே கொடுக்கத் துணிந்த தாயை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஹம்மு அன்றைக்கே உட்கார்ந்தான். கீழே இறைச்சிக்கடைக்குப் பக்கத்து டீக்கடையில் லேப்டாப்பில் பதினொரு படத்துக்கும் வெளிச்சம் சரி செய்து மொத்தமாகச் சேமிக்கும்போது புதிய மணி பதினொன்று. மேலே போய், ஒயரைச் சொருகிப் படங்களைப் பெரிய கம்ப்யூட்டருக்கு ஏற்றினான். பெரிய திரையில் ஒவ்வொன்றாக ஊசியை அழித்தான். துணியின் மடிப்பு, நிழல், எதுவும் பிசகாமல் அழித்தான். வேலையில் அவனை நான் குறை சொல்லமாட்டேன். பதினொன்றேகாலுக்குத் தொடங்கி ஒன்றுக்கு முடித்தான். பெரிய கம்ப்யூட்டரின் கணக்கில் அது பத்தேகாலிலிருந்து பன்னிரண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று மறுபடி ஒயரைச் சொருகிவிட்டு சாப்பிடப் போனான்.

புரோகிராம் தன் கடமையைச் செய்தது. முதலில் அழித்த ஐந்து படங்களின் மேல் பதினொன்றுக்கு முந்தைய நேரம். லேப்டாப்பில் ஊசியோடு இருந்தவற்றின் மேல் பதினொன்று. எது பிந்தியது? ஊசிதான். அந்த ஐந்திலும் ஊசியைப் பத்திரமாகத் திரும்பக் குத்திவிட்டது. மிச்சம் ஆறும் அழிந்தபடியே நின்றன. ஹம்மு அடுத்த கல்யாணத்துக்கு ஓடும் அவசரத்தில் திறந்து பார்க்காமல் அகாதிர் நகரத்துக்கு அச்சுக்கு அனுப்பினான். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, எதுக்குப் பாக்கணும்?" என்ற நம்பிக்கை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் இஜ்ஜா வீட்டில் பாதாம் உடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பெண் கேட்டு வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பேச்சு. ஹாஜ் பெலைத் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஹம்முவையும் சட்டைக்கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அந்த வாரம்தான் திறந்திருந்த பள்ளி விட்டு வந்த கெல்தூமா பையைக்கூட இறக்கவில்லை.

"இஜ்ஜா, இந்தப் பக்கத்துல உன் நெஞ்சைப் பாரு," என்றார். "ஊசி இருக்கு. திருப்பு. இல்ல. திருப்பு. மறுபடி இருக்கு. ஒரே ஆட்டம், ஒரே வரிசை, ஒரே தப்பட்டை. ஊசி மட்டும் கிணத்துக்குப் போயிட்டுப் போயிட்டு வருது."

"அது கம்ப்யூட்டர் வேலைண்ணே! இப்பல்லாம் அதுவே நகை போட்டு விடுதாம். இல்லையாடா தம்பி?"

எல்லோரும் ஹம்முவைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் கெல்தூமா கிடைப்பாள். ஆனால் கம்ப்யூட்டர் தானாக நகை போடுகிறது என்று ஊருக்குத் தெரிந்தால் அவன் படத்தை நாளைக்கு யார் நம்புவார்கள்? இல்லை என்றால் வெள்ளிக்கிழமை இல்லை. இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு புரோகிராமைப் பற்றி ஆரம்பித்தான். ஒயர், பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, கடைசியாகத் தொட்ட நேரம். ஹாஜ் பெலைத் கொட்டாவி விட்டார்.

கெல்தூமா குறுக்கிட்டாள். "கடைல இருக்கிற கம்ப்யூட்டர்ல இப்போ மணி என்ன?"

"ரெண்டு."

"லேப்டாப்புல?"

ஹம்மு ஜன்னல் பக்கம் திரும்பினான். மசூதிப் பக்கத்துக் கடிகாரம் ஜன்னல் வழியே மூன்று காட்டியது. அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு சிரித்த சிரிப்பில் பை தோளிலிருந்து கழன்று விழுந்தது.

"அறுபது பிள்ளைங்க பத்தலை, இப்போ எங்கம்மாவையும் வெயில்ல நிக்க வச்சுட்டீங்க."

அவள் சிரித்ததுதான் அவனை உடைத்திருக்க வேண்டும். "ஊசி இருந்துச்சு மாமா," என்றான் தரையைப் பார்த்து. "பதினொண்ணுலயும் இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். அழிக்கிறதையும் ஒழுங்காச் செய்யல."

"போச்சு!" என்றாள் இஜ்ஜா. "உனக்கு என் வீட்டுல டீகூடக் கிடையாது, எழுந்து போ!"

யாரும் எழவில்லை. கெல்தூமா மட்டும் உள்ளே போனாள். பாதாம் ஜாடி கவிழ்கிற சத்தம் கேட்டது. பருப்புத் தூள் ஒட்டின வெள்ளி ஊசி ஜோடியைக் கொண்டுவந்து மாமன் மடியில் வைத்தாள்.

"பாட்டி சொன்னது சொன்னதுதான் மாமா. ஜமிலாவுக்குக் குடுங்க."

"ஏண்டி, உனக்குன்னு வச்சிருந்தேனே!" என்று இஜ்ஜா அழுதாள். நிஜ அழுகைதான். முப்பத்துநாலு வயது மகளுக்காக ஒருத்தி கிணற்றின் மேல் பழி போட்டிருக்கிறாள். அவளைக் கேலி செய்ய எனக்கே அரை நாள் பிடித்தது.

ஹாஜ் பெலைத் தங்கையின் தலையைத் தொட்டார். "கிணத்துல எறங்கின ஆளுக்கு எத்தனை நாள் ஜுரம் தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஆல்பத்தைக் கொண்டுபோய்விட்டார். திருத்தி மறுபடி அச்சடித்துத் தரட்டுமா என்று ஹம்மு கேட்டதற்கு, "வேணாம், இதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது," என்றார்.

வாசலில் கெல்தூமா ஹம்முவை நிறுத்தினாள். "பொய் சொல்லியிருந்தா அப்பவே கதவைச் சாத்தியிருப்பேன். வரணும்னா வாங்க. ஒரு நிபந்தனை. பழைய மணியோ புதிய மணியோ எனக்குக் கவலையில்ல. உங்க ரெண்டு பெட்டியும் ஒரே மணி சொல்லணும்."

"எந்த மணி?"

"ஊர்ல பஸ் ஓடுற மணி."

மூன்று வாரம் யோசித்தான். மூன்று வாரமும் என் வீட்டில் சாப்பிட்டான். நான்காவது வாரம் கடைக்குப் போய்ப் பெரிய கம்ப்யூட்டரைப் புதிய மணிக்கு மாற்றிவிட்டு வந்தான். யாரோ இறந்துவிட்டது போல் முகம். எல்லாப் படங்களையும் இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றொன்றாகச் சரிபார்த்தான். நாலாயிரம் படத்தில் முப்பத்தெட்டு, செய்த வேலையை இழந்து பழையபடி கிடந்தனவாம். ஒரு மாப்பிள்ளைக்கு மூக்கில் இருந்த பரு ஆல்பத்தில் திரும்பி வந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை.

பிறகு நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். சர்க்கரைக் கூம்பு, பேரீச்சை, எல்லாம் தயார். "டீச்சர் மூணு மணிக்கு வரச் சொன்னா சித்தி," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னாலேயே கிளம்பினான். வெள்ளை ஜெலாபா அங்கி, புது மஞ்சள் செருப்பு. புதிய மணி மூன்றுக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், இஜ்ஜாவின் வாசலில் போய் நின்றிருக்கிறான்.

கதவு பூட்டியிருந்தது.

மற்ற எல்லோருக்கும் கெல்தூமா நான்கு மணி என்று சொல்லியிருந்தாள். இவன் எப்படியும் ஒரு மணி தாமதமாகத்தான் வருவான் என்று இவனுக்கு மட்டும் மூன்று. இஜ்ஜாவும் அவளும் சந்தைக்குப் புதினா வாங்கப் போயிருந்தார்கள். நான் நான்கு மணிக்குப் போய்ச் சேரும்போது சுட்டெரிக்கும் வெயிலில், நிழல் இல்லாத வாசலில், தலையில் வைத்த எண்ணெய் காதுவரை வழிய, என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான்.

தெருமுனையில் கெல்தூமா புதினாக் கட்டோடு வந்தாள், பின்னால் இஜ்ஜா. அவனைப் பார்த்ததும் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"மூணுலேருந்து."

"எந்த மூணு?"

"உன் மூணுதான்," என்றான் ஹம்மு.

அவள் தெரியாமல்தான் அப்படிச் செய்தாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை. புதினாவால் அவனுக்கு விசிறிக்கொண்டே கதவைத் திறந்தாள். டீ கிடையாது என்று சொன்ன இஜ்ஜாதான் முதல் கோப்பையை ஊற்றினாள்.